போர்வெல் வெள்ளத்தில் (தண்ணீரில்) துத்தநாகம் 6.1: அடியில தாதுவா, மேல தகரமா?

கேள்வி, 3 பிப்ரவரி 2025

அண்ணாச்சி, கன்னியாகுமரி மாவட்டம் அருமனைக்குப் பக்கம் எங்க ரப்பர் விளையில போன மாசம் போர் போட்டோம். 320 அடி. முதல் 40 அடி செம்மண்ணும் சரலும், அதுக்குக் கீழ பாறை. 210 அடியில கறுப்பா மினுங்குற பொடி வந்தது. வெள்ளத்தை லேபுல குடுத்தோம். துத்தநாகம் (சிங்க்) லிட்டருக்கு 6.1 மில்லிகிராம், பி.எச். 5.4, இரும்பு 0.9, சல்ஃபேட் 7. இதைக் கேள்விப்பட்டு ஒருத்தர் வந்தார். "ராஜஸ்தான்ல சிங்க் எடுக்கிற அதே பாறைதான் இங்கயும், இன்னும் ரெண்டு போர் போட்டுப் பாப்போம், செலவு பாதிப்பாதி" என்கிறார். போடலாமா?

3 பிப்ரவரி, இரவு

போட வேண்டாம். முதலில் இதைச் சொல்லுங்க: வெள்ளம் பிடிச்சது போர்வாயிலா, டேங்கிலா, அடுக்களைக் குழாயிலா? அங்கிருந்து இங்கே வரை என்ன குழாய்?

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் பி.எச். 5.4 உள்ள வெள்ளம் ஒரு ராத்திரி தங்கினாலே 6 மில்லிகிராம் வரலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வெட்டுக்கல் நிலத்தில் கிணற்று வெள்ளம் புளிப்பாக இருப்பது புதுசு இல்லை. அந்தப் புளிப்புக்கு முதல் தீனி குழாயின் பூச்சுதான்.

சோதனை இப்படி. ராத்திரி முழுக்கக் குழாயைத் திறக்காதீங்க. விடியற்காலை அடுக்களைக் குழாயில் வரும் முதல் அரை லிட்டர் ஒரு பாட்டில். பிறகு மோட்டாரை 20 நிமிஷம் ஓடவிட்டு, போர்வாயில் நேராக இன்னொரு பாட்டில். இரண்டும் புது பிளாஸ்டிக் பாட்டில், அதே வெள்ளத்தில் மூணு தடவை அலசினது. பித்தளைக் குழாய்முனை வழியாகப் பிடிக்காதீங்க, பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம் இருக்கலாம். லேபில் நைட்ரிக் அமிலம் கேட்டு வாங்கி பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவரணும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கலங்கல் இருந்தால் 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்ட பிறகுதான் அமிலம். முறை மாறினால் சேற்றில் இருக்கிற துத்தநாகமும் கரைந்து கணக்கில் ஏறிவிடும்.

குடிக்கிற விஷயம்: இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 5, வேறு வழியில்லாத இடத்தில் 15 வரை. 6.1 கொஞ்சம் துவர்க்கும், அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

4 பிப்ரவரி

நேற்று குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன், உங்க ரிப்போர்ட்டில் இருக்கிற நல்ல எண்ணை விட்டுவிட்டேன். சல்ஃபேட் 7.

துத்தநாகத் தாதுவில் முக்கியமானது ஸ்பாலரைட், அதாவது துத்தநாக சல்ஃபைடு. அது காற்றுப்பட்டுக் கரையும்போது ஒரு துத்தநாக அணுவுக்கு ஒரு சல்ஃபேட் கட்டாயம் கூடவே வரும். 65.4 கிராமுக்கு 96 கிராம். அப்படியென்றால் 6.1 மில்லிகிராம் துத்தநாகத்துக்குக் குறைந்தது 9 மில்லிகிராம் சல்ஃபேட். உங்க வெள்ளத்தில் மொத்தமே 7. ஸ்பாலரைட் தனியாகவும் வராது, பைரைட்டோ பைரோடைட்டோ (இரண்டும் இரும்பு சல்ஃபைடு) துணைக்கு வரும், அவை கொட்டுகிற சல்ஃபேட் இதைப்போலப் பல மடங்கு. அடியில் சல்ஃபேட் திரும்ப ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறியிருக்குமே என்று யாராவது கேட்டால், அப்படி மாறுகிற வெள்ளத்தில் துத்தநாகம் கரைந்து நிற்காது, திரும்ப சல்ஃபைடாகப் படிந்துவிடும்.

ஆக, போர்க்குழிக்குள் இறங்காமலே பதில் பாதி வந்துவிட்டது.

4 பிப்ரவரி, மாலை

கறுப்பு மினுங்கல். பொடியைக் கழுவிக் காயவைத்து வரிசையாகப் பாருங்க. கழுவ பிளாஸ்டிக் டீ வடிகட்டி எடுங்க, ஜி.ஐ. கம்பிச் சல்லடை வேண்டாம்.

விரலில் தேய்த்தால் மை போல ஒட்டி, காகிதத்தில் கோடு விழுந்தால் கிராஃபைட். ஊசி முனையில் இதழ் இதழாகப் பிரிந்து, வளைத்துவிட்டால் நிமிர்ந்தால் கறுப்பு மைக்கா. காந்தத்தில் லேசாக ஒட்டி, கத்தியில் கீறாமல், பூச்சில்லாத பீங்கானில் தேய்த்தால் கோடு கறுப்பாக விழுந்தால் இல்மனைட். கத்தியில் கீறி, கோடு வெளிர் மஞ்சளாகவோ தவிட்டு நிறமாகவோ விழுந்து, குங்கிலியப் பளபளப்பு இருந்தால்தான் ஸ்பாலரைட். நம்ம ஊர் மாதிரி அதிக வெப்பத்தில் வெந்த பாறையில் அதுக்குள் இரும்பு நிறையப் புகுந்து நிறம் கறுத்திருக்கும், அதனால் நிறத்தை நம்பாதீங்க, கோட்டை நம்புங்க. அரைத்த பொடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு லேசாகச் சூடாக்கினால் அழுகின முட்டை நாற்றம் வரும். வந்தால் ஸ்பாலரைட்.

5 பிப்ரவரி

மேலே கடைசி வரியைத் திருத்துகிறேன். பைரோடைட்டும் அமிலத்தில் அப்படியே நாறும். முதலில் காந்தத்தால் ஒட்டுவதை எல்லாம் பிரித்து எடுத்துவிட்டு மீதியில் அமிலம் விடுங்க. பைரைட் நாறாது, அதனால் நாற்றம் வராவிட்டால் சல்ஃபைடே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. மூக்கை வைத்து முகர வேண்டாம், கையால் காற்றை இழுத்தால் போதும்.

5 பிப்ரவரி, இரவு

"மணவாளக்குறிச்சி மணல்லயே சிங்க் எடுக்காங்களே, பிறகு என்ன" என்று கேட்டவருக்கு: அது ஜிர்கான், மக்கா. சிங்க் வேறு, ஜிர்கான் வேறு. ஜிர்கான் என்பது சிர்கோனியம் சிலிக்கேட். இல்மனைட், ரூட்டைல், மோனசைட், கார்னெட், சிலிமனைட்டோடு மலைப்பாறை கரைந்து கடலுக்கு வந்து கரையில் ஒதுங்கினது. துத்தநாகத்துக்கும் அதுக்கும் உறவு, பனங்கிழங்குக்கும் கருணைக்கிழங்குக்கும் உள்ளதுதான்.

கறுப்பு மணலை லேபில் கொடுத்தால் துத்தநாகம் சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் சில நூறு பங்கு) காட்டலாம். இல்மனைட்டும் மேக்னடைட்டும் படிகத்துக்குள்ளேயே கொஞ்சம் துத்தநாகம் வைத்திருக்கும். அதைப் பிரித்தெடுக்க முடியாது. அந்த மணலை மூட்டை கட்டப் போகாதீங்க. மோனசைட் அணுக்கனிமம், அதுக்குச் சட்டம் தனி.

7 பிப்ரவரி

"ராஜஸ்தான்ல உள்ள அதே பாறை." அந்த ஆள் சொன்னதில் அரை உண்மை இருக்கிறது. அரை உண்மைதான் ஆபத்து.

பில்வாரா மாவட்டத்து ராம்புரா ஆகுச்சா தாது 1977-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சுமக்கிற பாறை கிராஃபைட், மைக்கா, சிலிமனைட் உள்ள நைஸ் என்ற பட்டைப்பாறை. நம்ம மாவட்டத்து கோண்டலைட் என்ற பாறையிலும் கார்னெட், சிலிமனைட், கிராஃபைட் உண்டு. இரண்டும் ஒரு காலத்தில் கடலடிச் சேறு, பிறகு பூமிக்குள் போய் வெந்தது. ஆஸ்திரேலியாவில் 1883-ல் கண்ட புரோக்கன் ஹில் தாதுவும் இப்படி வெந்த பாறைக்குள்தான். நம்ம மாநிலத்திலேயே பழைய தென்னாற்காட்டு மாமண்டூரில் துத்தநாகம், காரீயம், செம்பு சேர்ந்த சல்ஃபைடு இப்படிப்பட்ட பாறையில் இருக்கிறது. ஆக, வெந்த பாறையில் துத்தநாகம் இருக்கவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பாறை ஒன்றாக இருந்தால் தாதுவும் இருக்கணும் என்று இல்லை. சேறு படிந்த காலத்தில் கடல்தரையில் உலோகம் சுமந்த வெந்நீர் ஊறினதா என்பதுதான் விஷயம். அது ஊறின இடத்தில் கூடவே சில சாட்சிகள் விட்டுப்போகும்: மாங்கனீசு மிகுந்த கார்னெட் குவார்ட்ஸ் பாறை, பேரைட் என்ற பேரியக் கனிமம், கானைட் என்ற பச்சைநிற துத்தநாக ஸ்பினல் (ஆக்சைடுக் கனிமம்), இரும்புத் தொப்பி என்ற துருப்பிடித்த காவிப்பாறை. இதில் ஒன்றைக்கூடக் காட்டாமல் "அதே பாறை" என்றால், மாமரம் நிற்கிற விளை எல்லாம் அல்போன்சா என்பது போலத்தான்.

9 பிப்ரவரி

"சரி அண்ணே, உண்மையாகவே இந்த மாவட்டத்தில் தேடணும் என்றால் எங்கே தொடங்குவது?" என்று கேட்டவருக்கு. நீளமாகத்தான் வரும்.

முதல் வேலை காசில்லாதது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பாறை வரைபடமும் நிலவேதியியல் அளவுகளும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்து, நாலு நாலாகக் கலந்து சோதித்த கணக்கு அது. துத்தநாகத்தை மட்டும் வண்ணமடித்துப் பார்த்தால் ஏமாறுவோம். காரீயம், பேரியம், ஆர்செனிக், காட்மியத்தையும் மேலே வைத்துப் பாருங்க. இரும்பும் மாங்கனீசும் கூடுகிற இடத்தில் எல்லாம் துத்தநாகமும் தானாகக் கூடும், அவற்றின் ஆக்சைடுகள் ஓடுகிற வெள்ளத்திலிருந்து துத்தநாகத்தை உறிஞ்சிக்கொள்ளும். கோண்டலைட் நிலத்து மாதிரியையும் சார்னோக்கைட் என்ற கடினப்பாறை நிலத்து மாதிரியையும் ஒரே கூட்டில் போட்டுச் சராசரி எடுக்காதீங்க. பூமி மேலோட்டின் சராசரி 70 பிபிஎம் வாக்கில். அதைவிட இரண்டு மடங்கு வந்ததும் துள்ள வேண்டாம்.

பிறகு தோடு தோடாக (ஓடை ஓடையாக) இறங்கணும். இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் நமக்கு. ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோட்டில் மணல் வெளியே தெரியும். ஒரே இடத்தில் அள்ளாமல், 20, 30 மீட்டர் நீளத்தில் ஐந்தாறு இடத்திலிருந்து பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, நைலான் சல்லடையில் 80 மெஷ்ஷுக்கு (அங்குலத்துக்கு 80 கண்) கீழே உள்ளதை எடுங்க. கரை இடிந்து விழுந்த மண் வேண்டாம். மோதிரம், வளையைக் கழற்றிவிட்டு இறங்குங்க.

நம்ம ஊருக்கென்றே இரண்டு பொறி. ஒன்று சானல், அதாவது பாசனக் கால்வாய். தோவாளைச் சானலிலும் இடதுகரைச் சானலிலும் மணல் அள்ளினால் அது எந்த மலையின் மணல் என்று சானலுக்கே தெரியாது. கோதையாறு வெள்ளம் ஊர் ஊராகச் சுற்றி வருகிறது. ஓடையும் சானலும் கலக்கிற இடத்துக்கு மேலே ஏறி எடுக்கணும். இரண்டாவது அணை. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை நூறு வருஷத்துக்கு மேலாக மேல்மலையின் வண்டலைத் தடுத்து வைத்திருக்கிறது. அணைக்குக் கீழே எடுத்த மணலை வைத்து மேல்கோதையாறைப் பற்றிப் பேச முடியாது. பாலம் இருந்தால் குறைந்தது 50 மீட்டர் மேலே போங்க, டயர் ரப்பரில் 1, 2 சதவீதம் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது, மழையில் ரோட்டுத் தூசி எல்லாம் பாலத்தடியில்தான் இறங்கும்.

10 பிப்ரவரி

துத்தநாகம் பூசின குழாயும் தகரமும் எண்ணைக் கெடுக்கும் என்றால், "சும்மா மிகைப்படுத்துறீங்க" என்று ஒருத்தர். கணக்கைப் போடுவோம்.

100 சதுர மீட்டர் தகரக் கூரை. பூச்சு சதுர மீட்டருக்கு 120 கிராம் என்றால் மொத்தம் 12 கிலோ துத்தநாகம். காலப்போக்கில் பாதி கரைந்தால் 6 கிலோ. அது இறவாரத்தடியில் 50 சதுர மீட்டர் மண்ணில் மேல் 10 சென்டிமீட்டருக்குள் தங்கினால், மண் 5 கன மீட்டர், ஏறக்குறைய 7,000 கிலோ. 6 கிலோவை 7,000-ஆல் வகுத்தால் 850 பிபிஎம் தாண்டும். எந்தத் தாதுவும் இல்லாத மண்ணில், ஒரு ஷெட்டின் நிழலில்.

ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டில் ஃபார்மிக் அமிலம்தான், துத்தநாகம் வராது. ஆனால் அந்தப் புளிப்பு வெள்ளம் தகரத்திலோ ஜி.ஐ. வலையிலோ பட்டு ஓடினால் வரும். ரப்பர் பாலைச் சுழற்றிச் செறிவாக்குகிற, கையுறை செய்கிற ஆலைக் கழிவில் துத்தநாக ஆக்சைடு நேராகவே இருக்கும், பால் கெடாமல் வைக்கவும் ரப்பர் வேகவும் அதைச் சேர்ப்பார்கள். ஏலாவில் (வயலில்) நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்ஃபேட் போடுவது வழக்கமான பரிந்துரை. இலையுதிர்வுக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு அடித்த தோட்டத்தில் செம்பும் ஏறியிருக்கும். துத்தநாகம், செம்பு இரண்டும் சேர்ந்து எகிறினதைப் பார்த்து மாமண்டூர் என்று நினைத்தால், கையில் இருப்பது மருந்தடித்த விளை.

வித்தியாசம் பார்க்க எளிய வழி: மேல்மண்ணில் ஒன்று, ஒரு மீட்டர் கீழே ஒன்று. மேலே கூடி கீழே குறைந்தால் மனுஷன் போட்டது. ரப்பருக்குத் தட்டு வெட்டின சரிவில் மேல்மண் எது, கீழ்மண் எது என்றே தெரியாது, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் வெட்டாத திண்டில் எடுங்க.

10 பிப்ரவரி, இரவு

80 மெஷ் என்று எழுதினேன். உங்க எண்ணை பூகோஷ் எண்ணோடு ஒப்பிடணும் என்றால் 120 மெஷ், அதாவது 125 மைக்ரானுக்குக் கீழே எடுங்க. அவர்கள் சலித்தது அப்படி. பொடி நுணுக்கமாக நுணுக்கமாக களிமண்ணும் இரும்பும் கூடி, துத்தநாகமும் கூடும். இரண்டு சல்லடையின் எண்ணை ஒரே வரைபடத்தில் போட்டால் வருவது சல்லடையின் வரைபடம்.

12 பிப்ரவரி

மண்ணில் உள்ள உலோகத்தை அளக்க, கையில் பிடிக்கிற எக்ஸ்ரே துப்பாக்கி: ஈர மண்ணில் சுட்டால் குறைத்துக் காட்டும். காயவைத்து, இடித்து, மெல்லிய படலத்தில் வைத்துச் சுடுங்க. செம்பு மிகுந்த மண்ணில் செம்பின் ஒரு எக்ஸ்ரே கோடு துத்தநாகத்தின் எக்ஸ்ரே கோட்டுக்கு ஒட்டி விழும், அப்போது துத்தநாகம் பொய்யாக ஏறலாம். மருந்தடித்த விளையை மறக்காதீங்க.

14 பிப்ரவரி

இரும்புத் தொப்பி பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். சல்ஃபைடு வெளியே தலைகாட்டின இடத்தில் அது துருப்பிடித்து, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான காவிப்பாறை நிற்கும். சிக்கல் என்னவென்றால் நம்ம மேற்குப் பகுதி முழுக்கவே வெட்டுக்கல். அதுவும் காவி, அதுவும் ஓட்டை. கண்ணால் பிரிப்பது கஷ்டம்.

வேதியியலால் பிரிக்கலாம், ஆனால் துத்தநாகத்தால் அல்ல. சல்ஃபைடு அழியும்போது வரும் அமிலத்தில் துத்தநாகம்தான் முதலில் ஓடிப்போகிறது. நல்ல தாதுவின் தலையிலேயே துத்தநாகம் சில நூறு பிபிஎம்தான் மிஞ்சும். காரீயம் ஓடாது, ஆர்செனிக், ஆன்டிமனி, வெள்ளி, பேரியம் தங்கும். ஆகவே இரும்புத் தொப்பியில் துத்தநாகத்தைத் தேடுகிறவன் காரீயத்தைத்தான் கேட்கணும். வெறும் வெட்டுக்கல்லில் இவை சேர்ந்தாற்போல் அதிகமாக இருக்காது.

தெளித்துப் பார்க்கிற மருந்து ஒன்று உண்டு. 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஒரு பாட்டில். 100 மில்லியில் 3 கிராம் ஆக்சாலிக் அமிலமும் அரை மில்லி டையெத்தில் அனிலினும் இன்னொரு பாட்டில். பாறையைக் கழுவிக் காயவைத்து இரண்டையும் அதன்மேல் தெளித்தால், ஸ்மித்சோனைட், ஹெமிமார்ஃபைட் மாதிரி துருப்பிடித்த துத்தநாகக் கனிமம் ஆரஞ்சுச் சிவப்பாக மாறும். புது ஸ்பாலரைட் சோம்பேறி, சரியாக மாறாது. செம்மண் தூசி இருந்தால் நிறம் குழம்பும். கையுறை கட்டாயம், ஃபெரிசயனைடை வலுவான அமிலத்தோடும் சூட்டோடும் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். தகரத்தில் தெளித்தால் அழகாகச் சிவக்கும், புரோக்கர் கையில் கொடுத்துவிடாதீங்க.

15 பிப்ரவரி

மின்சோதனை வைத்தால் போதாதா என்றால், இந்த மாவட்டத்தில் அதுதான் பெரிய வலை. தூய ஸ்பாலரைட் மின்சாரத்தைக் கடத்தாது. கடத்துவது பைரோடைட், கலீனா என்ற காரீய சல்ஃபைடு, பிறகு கிராஃபைட். கோண்டலைட்டில் கிராஃபைட் பட்டை பட்டையாக ஓடும். கருவி கத்துகிற இடமெல்லாம் பென்சில் முனை. ஈர்ப்பு அளவீடு சேர்த்தால் கொஞ்சம் பிரியும், தாது கனம், கிராஃபைட் கனமில்லை.

18 பிப்ரவரி

டிரில்லிங். போர் வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. திருச்செங்கோட்டு வண்டி காற்றால் இடித்துப் பொடியைத் துப்பும். ஒரு ராடு 20 அடி என்றால் 20 அடியும் கலந்து வரும். ஊற்று தட்டினதும் நுண்பொடி சேறாகப் போய்விடும், ஸ்பாலரைட் நொறுங்குகிற சாதி, முதலில் போவது அதுதான். ராடு மரையில் பூசுகிற கிரீஸிலேயே துத்தநாகமோ காரீயமோ இருக்கும். போர்ப்பொடியை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், அளவாக அல்ல.

தாதுவுக்கு வைரப் பிட் போட்டு கோர், அதாவது பாறையை உருளையாக முழுசாக எடுக்கணும். வெட்டுக்கல்லிலும் மக்கின பாறையிலும் பெரிய அளவில், எச்.கியூ., 63.5 மில்லிமீட்டர் கோர். திடப்பாறை வந்ததும் கேசிங் இறக்கிவிட்டு என்.கியூ., 47.6 மில்லிமீட்டர்.

எங்கே, எந்தச் சாய்வில் என்பதற்கு ஒரு கணக்கு. தாதுப் பட்டை தரையில் தெரிகிறது, கிழக்கே 60 டிகிரி சாய்கிறது, 60 மீட்டர் ஆழத்தில் அதை வெட்டணும் என்று வையுங்க. அந்த ஆழத்தில் பட்டை 34.6 மீட்டர் கிழக்கே போயிருக்கும். துளையை மேற்கு நோக்கி 50 டிகிரி சாய்த்தால் 60 மீட்டர் இறங்க 50.3 மீட்டர் படுக்கையாக நகரும். ஆக, மெஷினை வெளிப்பாட்டிலிருந்து 85 மீட்டர் கிழக்கே நிறுத்தணும். 78 மீட்டரில் பட்டை வரும், 70 டிகிரியில் வெட்டும். அதைத் தாண்டி 25 மீட்டராவது போகணும், அடுத்த பட்டை அங்கே இருக்கலாம்.

78-ல் வரவில்லை என்றால் மெஷினைக் கழற்றாதீங்க. பட்டை நட்டுக்குத்தாக இருந்தால் அதே துளை அதை 132 மீட்டரில்தான் தொடும். கோரில் பாறையின் வரி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு பெட்டியிலும் பார்த்துக்கொண்டே வந்தால் முன்பே தெரியும்: 70 எதிர்பார்த்த இடத்தில் 40 வந்தால் சாய்வு நினைத்த மாதிரி இல்லை. கோணம் 40, கோரில் தாது நீளம் 6 மீட்டர் என்றால், உண்மைத் தடிமன் 6-ஐ 0.766-ஆல் பெருக்கி 4.6 மீட்டர்.

19 பிப்ரவரி

பிட் விஷயம் தனியாக. சார்னோக்கைட் மாதிரி கடினப்பாறைக்கு மென்மையான உலோகக் கட்டு உள்ள பிட் வேண்டும். கேட்க எதிர்மாறாக இருக்கும். பாறை கடினமாக இருந்தால் வைரம் மழுங்கும், கட்டு தேய்ந்தால்தான் அடுத்த வைரம் தலைநீட்டும். கட்டும் கடினமாக இருந்தால் பிட்டின் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும். அடையாளம்: இறங்குகிற வேகம் சட்டென்று குறையும், பம்ப் அழுத்தம் மாறாது. சுற்றைக் குறைத்து எடையைக் கொஞ்சம் கூட்டுங்க. மசியவில்லை என்றால் மேலே எடுத்துச் சாணைக்கல்லால் முகத்தைத் தேயுங்க. வெள்ளத்தைக் குறைத்துச் சரிசெய்கிற குறுக்குவழி சிலருக்குப் பழக்கம், பிட் எரிந்து ராடோடு அடியில் ஒட்டிப்போனால் துளையும் போச்சு.

என்.கியூ. துளைக்கு நிமிஷத்துக்கு 30 லிட்டர் வாக்கில் வெள்ளம். திரும்பி வராமல் வெடிப்பில் போனால் 10 மணி நேர ஷிஃப்டுக்கு 18,000 லிட்டர், 6,000 லிட்டர் டேங்கர் மூணு. மலைச்சரிவு ரப்பர் விளைக்குள் டேங்கர் ஏறுமா என்பதை மெஷின் வரும் முன்னே பாருங்க.

கோர் பெட்டியை எதன் கீழே அடுக்குவீங்க? தகரக் கூரையின் கீழே என்றால், சொட்டுகிற மழைவெள்ளம் கோரில் படாமல் தார்ப்பாய் போடுங்க. சிரிக்காதீங்க. அதே 6.1 கதைதான்.

21 பிப்ரவரி

18-ம் தேதிக் கணக்கில் பிழை. காட்டிக்கொடுத்த வாசகருக்கு நன்றி. கோணம் கோரின் அச்சுக்கும் வரிக்கும் நடுவில் அளந்தது என்றால் பெருக்க வேண்டியது சைன், கோசைன் அல்ல. 6 × 0.643 = 3.86 மீட்டர். நான் எழுதின 4.6-ல் 74 சென்டிமீட்டர் காற்று. இதே தப்பு பத்துத் துளையில் நடந்தால் தாதுவின் கனஅளவு ஐந்தில் ஒரு பங்கு கூடித் தெரியும். கோணத்தை எதிலிருந்து அளந்தோம் என்று பதிவேட்டின் தலையிலேயே எழுதி வையுங்க.

இன்னொன்று. ஒற்றைத் துளையில் 40 டிகிரி வந்தால் பட்டை நட்டுக்குத்தாகவும் இருக்கலாம், மேற்கே 10 டிகிரி படுத்தும் இருக்கலாம். கோரின் மேல்பக்கம் எது என்று குறிக்கிற கருவி இல்லாமல் எதுவென்று சொல்ல முடியாது. 30 மீட்டருக்கு ஒரு தடவை துளையின் போக்கையும் அளக்கணும், நேராகப் போகிறது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

24 பிப்ரவரி

லேபுக்கு அனுப்புவது. கோரை நெடுக்காக அறுத்துப் பாதியை அனுப்பி, பாதியைப் பெட்டியில் வைக்கணும். ஒரு மீட்டர் என்.கியூ. பாதி, சாதாரணப் பாறையில் 2.4 கிலோ வாக்கில் இருக்கும். எடை ரொம்பக் குறைந்தால் கோர் முழுசாக வரவில்லை. இருபதுக்கு ஒன்றாவது வெற்று மாதிரி (உலோகம் இல்லாதது), அளவு தெரிந்த மாதிரி, ஒன்றையே இரண்டாக்கின இரட்டை மாதிரி சேருங்க. வெற்று மாதிரிக்கு வெள்ளைக் குவார்ட்ஸ். குவாரிச் சல்லியைச் சோதிக்காமல் போடாதீங்க, அதிலேயே துத்தநாகம் 70, 80 பிபிஎம் இருக்கலாம்.

சராசரியில் அடர்த்தியையும் சேர்க்கணும். ஒரு மீட்டரில் துத்தநாகம் 12 சதவீதம், அடர்த்தி 3.3; அடுத்த மீட்டரில் 2 சதவீதம், அடர்த்தி 2.8 என்றால் சராசரி 7 இல்லை, 7.4.

வெந்த பாறையில் லேப் முறைதான் பெரிய கண்ணி. கானைட் ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரையாது. நாலு அமிலம் சேர்த்த கலவையிலும் பாதியில் நிற்கும். உருக்கிச் சோதித்தாலோ எக்ஸ்ரேயில் பார்த்தாலோ மொத்தமும் வரும். இரண்டு முறையிலும் செய்து கழித்துப் பார்த்தால் கானைட்டில் பூட்டிக்கிடக்கிற துத்தநாகம் தெரியும். அது தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கிற மிதப்பு முறையில் பிரியாது, உருக்காலை வாங்காது. மொத்தம் 4 சதவீதம் என்று வந்து அதில் 3 கானைட் என்றால் கையில் 1 சதவீதம்தான்.

கானைட் நல்ல சாட்சி என்று 7-ம் தேதி எழுதினேன். அதுக்கும் ஒரு நிபந்தனை. கோண்டலைட்டில் தாது இல்லாமலே ஸ்பினல் வரும், மைக்கா சிதையும்போது அதிலிருந்த கொஞ்சம் துத்தநாகம் அதுக்குள் போகும். தூய கானைட்டில் துத்தநாக ஆக்சைடு 44 சதவீதம். நாலைந்து சதவீதம் உள்ள கரும்பச்சை ஸ்பினலைத் தோட்டு மணலில் கண்டு கொண்டாட வேண்டாம், நுண்பகுப்பில் எண் பார்த்த பிறகு பேசலாம்.

26 பிப்ரவரி

சட்டம், சுருக்கமாக. வீட்டு வெள்ளத்துக்கு போர் போடுவது வேறு, கனிமம் தேடப் போடுவது வேறு. பின்னது 1957 கனிமச் சட்டத்தின் கீழ் வரும். 2015 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஏலத்தில்தான். 2023 திருத்தத்தில் ஆய்வு உரிமம் என்று புதிதாக வந்தது, 29 கனிமங்களுக்கு, துத்தநாகமும் அதில் உண்டு. அதுவும் ஏலம்தான். "செலவு பாதிப்பாதி" என்று வீட்டுத் திண்ணையில் பேசி முடிக்கிற காரியம் இல்லை. மலைப்பக்கம் காட்டு நிலம், சரணாலயம், அதுக்கு வேறு அனுமதி.

1 மார்ச்

கேள்வி கேட்டவர் புது ரிப்போர்ட் போட்டிருக்கிறார். காலையில் அடுக்களைக் குழாயில் முதல் அரை லிட்டர்: 6.8. இருபது நிமிஷம் ஓட்டி போர்வாயில்: 0.2. கறுப்புப் பொடி காகிதத்தில் எழுதுகிறதாம், படமும் அனுப்பியிருக்கிறார், "சிங்க்" என்றே எழுதிக் காட்டியிருக்கிறார்.

குழாயை எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்க. பி.எச். 5.4 அப்படியேதான் இருக்கும். டேங்குக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் சல்லி நிரப்பின தொட்டி ஒன்று வைத்தால் 7 பக்கம் வரும், சல்லி கரைந்துகொண்டே இருக்கும், அப்பப்போ மேலே நிரப்பணும். கழற்றின ஜி.ஐ. குழாயை ஆக்கர் (பழைய சாமான்) கடையில் இரும்பு விலைக்குத்தான் எடுப்பான், பூசின துத்தநாகத்தில் பாதி உங்க வயிற்றுக்குள் போயாச்சு.